கணினி கேள்வி–பதில்: கம்பைல் ஆகிறது, சர்வரில் ஏறவில்லை

கேள்வி: இஜேபி 2.1-இல் (ஜாவாவில் சர்வர் மென்பொருள் எழுதும் முறை) எழுதப்பட்ட பழைய சேமிப்புக் கணக்கு மென்பொருளைப் பராமரிக்கிறேன். கணக்கு எண்ணையும் தொடக்க இருப்பையும் (சென் கணக்கில்) வாங்கும் புதிய கிரியேட் மெத்தட் ஒன்றை எண்டிட்டி பீனில் (டேட்டாபேஸ் பதிவைக் குறிக்கும் கிளாஸ்) சேர்த்தேன். கம்பைல் ஆகிறது, சர்வரில் ஏற்றினால் நிராகரிக்கிறது. ஏன்?
– வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: கிளையண்ட் அழைக்கும் கிரியேட் மெத்தட் ஹோம் இன்டர்ஃபேஸில் இருக்கும்; அதற்கு ஈடாக பீனில் எழுதுவது இஜேபிகிரியேட். ஆனால் பீன் கிளாஸ் ஹோம் இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் செய்வதில்லை. எனவே இரண்டுக்கும் உள்ள உறவு கம்பைலருக்குத் தெரியாது. பொருத்திப் பார்ப்பது, சர்வரில் பீன்களை இயக்கும் கன்டெய்னர்தான்.

முதலில் இஜேபிபோஸ்ட்கிரியேட் இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு இஜேபிகிரியேட்டுக்கும் அதே பாராமீட்டர்களுடன், வாய்ட் வகையில், ஒன்று கட்டாயம். உள்ளே எழுத எதுவுமில்லை என்று பலர் விட்டுவிடுவார்கள். கணக்கை வாடிக்கையாளருடன் இணைக்கும் செட்டரையும் இதில்தான் அழைக்க வேண்டும், இஜேபிகிரியேட்டில் அல்ல.

அடுத்து பாராமீட்டர். பெயர் எதுவானாலும் சரி, வகையும் வரிசையும் மாறக்கூடாது. ஹோமில் லாங், பீனில் இன்ட் என்றால் பொருந்தாது. ஹோமில் கிரியேட்சேவிங்ஸ் என்றால் பீனில் இஜேபிகிரியேட்சேவிங்ஸ். மெத்தட் பப்ளிக்காக இருக்கட்டும். ஸ்டாட்டிக், ஃபைனல் இரண்டும் ஆகாது.

ரிட்டர்ன் வகையில்தான் குழப்பம் அதிகம். ஹோமில் அது காம்பொனன்ட் இன்டர்ஃபேஸ் (பீனின் பிசினஸ் மெத்தட்களைக் கிளையண்டுக்குக் காட்டுவது). எண்டிட்டி பீனிலோ பிரைமரி கீயின் (பதிவை அடையாளம் காட்டும் மதிப்பு) வகை. உங்கள் கீ ஸ்டிரிங் என்றால் ஸ்டிரிங் என்றே அறிவியுங்கள். ஆனால் டேட்டாபேஸ் வேலையைக் கன்டெய்னர் பார்க்கும் சிஎம்பி பீனில் உள்ளே 'ரிட்டர்ன் நல்' எழுதுங்கள், கீயை அதுவே எடுத்துக்கொள்ளும். எஸ்கியூஎல்லை நீங்களே எழுதும் பிஎம்பியில் உண்மையான கீயைத் திருப்பித் தர வேண்டும்.

எக்ஸெப்ஷன்: பீனின் த்ரோஸ் வரியில் உள்ள அத்தனையும் ஹோமிலும் வேண்டும். ஹோமில் கிரியேட்எக்ஸெப்ஷன் எப்போதும் உண்டு. ரிமோட் ஹோமுக்கு ரிமோட்எக்ஸெப்ஷனும் சேரும். லோக்கல் ஹோமில் ரிமோட்எக்ஸெப்ஷனைப் போட்டால் அதுவே பிழை.

கேள்வி: ஸ்டேட்லெஸ் செஷன் பீனின் (கிளையண்ட் பற்றிய எதையும் நினைவில் வைக்காத பீன்) கிரியேட்டுக்குக் கிளை எண்ணை அனுப்பலாமா?
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: முடியாது. ஒரே ஒரு கிரியேட், பாராமீட்டர் இல்லாமல், பீனில் வாய்ட். கிளையண்ட் கிரியேட் அழைக்கும் நேரமும் இஜேபிகிரியேட் ஓடும் நேரமும் வேறு வேறு. கன்டெய்னர் முன்கூட்டியே செய்து பூலில் வைத்த பீன், ஒவ்வொரு அழைப்புக்கும் யார் கைக்கும் போகலாம். கிளை எண்ணை பிசினஸ் மெத்தடிலேயே அனுப்புங்கள். நினைவில் வைத்தே ஆக வேண்டுமென்றால் ஸ்டேட்ஃபுல் பீன். அதில் எத்தனை கிரியேட்டும் வைக்கலாம். புதிதாக எழுதுபவர்களுக்கு இந்தத் தொல்லையே வேண்டாம்: 2006-இல் வந்த இஜேபி 3.0-இல் ஹோம் இன்டர்ஃபேஸ் கட்டாயமில்லை, தொடக்க வேலைக்கு போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் அனொட்டேஷன் போதும்.