ஏஐ சீட்டுக்காக வீட்டுப் பத்திரத்தை வைக்கிறதுக்கு முன்னாடி

கரூர்ல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பொண்ணு பிளஸ் டூ முடிச்சாச்சு, கட்ஆஃப் 158. அப்பா ஜவுளி யூனிட்ல சூப்பர்வைசர். பெரியப்பா ஒரு தனியார் காலேஜ்ல மேனேஜ்மென்ட் கோட்டால ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் சீட் பேசி வச்சிருக்கார், ஹாஸ்டலோட சேர்த்து நாலு வருஷத்துக்கு 8 லட்சம் லோன், வீட்டுப் பத்திரத்தை வச்சுக்கலாம்னு முடிவே பண்ணிட்டாங்க. பொண்ணு பிஎஸ்சி மேத்ஸ்தான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்குது. "ராத்திரி பூரா கம்ப்யூட்டர்லதான் சார் இருக்கா, ஆனா ஒரு ஆப் கூட பண்ணல, பைத்தான்ல சார்ட்டட்னு ஏதோ இருக்காம், அது உள்ள எப்படி ஓடுதுன்னு தோண்டிக்கிட்டே இருக்கா, இதெல்லாம் சோறு போடுமா?"னு கேக்குறாங்க.

அம்மா, உங்க பயம் நியாயமானது, அதுல தப்பே இல்ல. ஆனா ஆறுதல் சொல்லிக்கிட்டிருக்க நேரமில்ல, கணக்கு பார்ப்போம். 8 லட்சம், 10.5 சதவீத வட்டி, பத்து வருஷத் தவணைன்னா மாசம் 10,800 ரூபா கிட்ட வரும், கட்டி முடிக்கும்போது மொத்தம் 13 லட்சத்தை தொடும். படிக்கிற நாலு வருஷத்துல ஏறுற வட்டி இதுல சேரல. இருபத்திரெண்டு வயசுப் பொண்ணு முதல் சம்பளத்துல இருந்து பத்து வருஷம் அதை கட்டணும், பிடிக்காத வேலையை விடவும் முடியாது, மேல படிக்கவும் முடியாது. பெரியப்பா நல்ல மனசோடதான் சொல்றார், ஆனா தவணை கட்டப்போறது அவர் இல்ல.

கோர்ஸ் பேர்ல ஏஐ இருக்கிறதால ஏஐ வந்துடாது. அதுக்கு அடிப்படை லீனியர் ஆல்ஜிப்ரா, ப்ராபபிலிட்டி, கால்குலஸ், அப்புறம் ஒழுங்கா கோட் எழுதத் தெரியணும். முதல் மூணும் உங்க பொண்ணு கேக்குற பிஎஸ்சி மேத்ஸ்லதான் ஆழமா வரும். நாலாவதை அவளே ராத்திரி உக்காந்து கத்துக்கிட்டிருக்கா, அதைத்தான் நீங்க வெட்டிவேலைன்னு நினைக்கிறீங்க.

அது என்ன வேலைன்னு கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா உறவுக்காரங்க யாருக்கும் இது தெரியாது, நிறைய காலேஜ்லயும் இதை சொல்லித் தர்றதில்ல.

ஒவ்வொரு ப்ரோக்ராமிங் மொழியோடயும் ஸ்டாண்டர்ட் லைப்ரரின்னு ஒரு கோட் தொகுப்பு கூடவே வரும். வரிசைப்படுத்துறது, தேடுறது, தேதி கணக்கு, ஃபைல் படிக்கிறதுன்னு எல்லாரும் அதைத்தான் கூப்பிடுவாங்க, உள்ள என்ன இருக்குன்னு பாக்குறவங்க ரொம்பக் கம்மி. பைத்தான்கிற மொழியில அந்த லைப்ரரில பாதிக்கு மேல பைத்தான்லயே எழுதி இருக்கு, லிப்னு ஒரு ஃபோல்டர், யார் வேணா திறந்து படிக்கலாம், பைசா செலவில்ல. சார்ட்டட், அதாவது வரிசைப்படுத்துற கட்டளை, அது மாதிரி வேகம் வேணும்கிற சிலது மட்டும் சிங்கிற வேற மொழியில இருக்கும், அதனாலதான் கோட்டை எடுத்துக் காட்டுற இன்ஸ்பெக்ட் மாட்யூல வச்சு சார்ட்டட்டோட சோர்ஸை (மூலக் கோட்டை) கேட்டா டைப்எரர்னு ஒரு பிழைச் செய்தியை திருப்பி அடிக்கும். உங்க பொண்ணு அங்க முட்டி நின்னுட்டு, அப்புறம் சி கோட் இருக்கிற லிஸ்ட்ஆப்ஜெக்ட் ஃபைல் வரைக்கும் போயிருந்தான்னா அவ ஏற்கனவே நிறைய தூரம் வந்துட்டான்னு அர்த்தம்.

அங்க அவ என்ன பாப்பா தெரியுமா? 2002ல டிம் பீட்டர்ஸ் பைத்தானுக்காக எழுதின டிம்சார்ட்ங்கிற வரிசைப்படுத்துற முறை. நிஜ உலகத்து டேட்டா முழுசா கலைஞ்சு கிடக்காது, அங்கங்க ஏற்கனவே வரிசையா இருக்கிற துண்டுகள் இருக்கும், அந்த துண்டுகளை கண்டுபிடிச்சு, ரொம்ப சின்னதா இருந்தா இன்சர்ஷன் சார்ட் (ஒண்ணொண்ணா எடுத்து சரியான இடத்துல செருகுறது) போட்டு நீட்டி, அப்புறம் ஒண்ணோட ஒண்ணு சேர்க்குறதுதான் அதோட யோசனை. ஜாவாங்கிற இன்னொரு மொழி, ஆண்ட்ராய்டு எல்லாம் இதை எடுத்துக்கிச்சு. உலகமே நம்பி ஓட்டிக்கிட்டிருந்த அந்த கோட்ல 2015ல ஒரு ஆராய்ச்சிக் குழு, இது சரின்னு கணக்கு வழியா நிரூபிக்கப் போய், நிரூபிக்க முடியாம ஒரு பிழையை கண்டுபிடிச்சாங்க. சேர்க்கக் காத்திருக்கிற துண்டுகளோட நீளத்துக்கு நடுவுல எப்பவும் இருக்கணும்னு நினைச்ச ஒரு நிபந்தனை சில நேரம் உடையுது, ஜாவால அதனால ப்ரோக்ராம் விழவே செய்யும். பதிமூணு வருஷம் யார் கண்ணுக்கும் படாததை வெளிய கொண்டுவந்தது கணக்கு அம்மா! அந்த சேர்க்குற முறையையே பைத்தான் 3.11ல பவர்சார்ட்னு இன்னொண்ணா மாத்திட்டாங்க.

இன்னொண்ணு. பைனரி தேடல், அதாவது வரிசையா இருக்கிற பட்டியலை பாதி பாதியா வெட்டித் தேடுறது, பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைங்களுக்கே தெரியும், தேடுற பகுதியோட கீழ் இட எண்ணையும் மேல் இட எண்ணையும் கூட்டி ரெண்டால வகுத்தா நடு. ஜாவா லைப்ரரில அப்படித்தான் இருந்துச்சு, அதை எழுதின ஜோஷுவா ப்ளோக்கே 2006ல இது உடைஞ்சிருக்குன்னு எழுதினார். ஜாவாவோட இன்ட்ங்கிற முழு எண் வகையில 214 கோடி சொச்சத்துக்கு மேல எண் நிக்காது, ரொம்பப் பெரிய அர்ரேல (பட்டியல்ல) கூட்டல் அதைத் தாண்டினதும் மைனஸ் எண்ணா மாறிடும். பைனரி தேடலுக்காக பைத்தான்ல எழுதின பைசெக்ட்ல இந்தப் பிரச்சனையே வராது, பைத்தான் எண்ணுக்கு அந்த மாதிரி உச்சவரம்பு இல்ல. ஆனா அதே பைசெக்ட்டோட சி வடிவத்தை திறந்து பாருங்க, கூட்டலை குறியில்லாத (மைனஸே வராத) எண்ணா மாத்தி செஞ்சு, ஏன் அப்படின்னு பக்கத்துல கமெண்டும் எழுதி வச்சிருப்பாங்க. ஒரே வேலை, ரெண்டு வடிவம், வேற வேற ஜாக்கிரதை, இதை பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்ச பொண்ணுக்கு கம்ப்யூட்டர்ல எண் எப்படி உக்காந்திருக்குன்னு யாரும் மனப்பாடம் பண்ண வைக்க வேண்டாம்.

இது வேலைக்கு எங்க போய் நிக்கும்னு கேப்பீங்க. கம்பைலர் (கோட்டை மெஷின் மொழிக்கு மாத்துற ப்ரோக்ராம்), டேட்டாபேஸ் இன்ஜின், சிப் கம்பெனிகளோட டூல்செயின் (அந்த சிப்புக்கு கோட் தயார் பண்ற கருவிகள்), எம்பெடட் (மெஷினுக்குள்ள ஓடுற சின்ன கம்ப்யூட்டர்), பெரிய சிஸ்டம் மெதுவா ஓடுதுன்னா ஏன்னு கண்டுபிடிக்கிற டீம், இங்கெல்லாம் இந்தப் படிப்புதான் பேசும். அந்த வேலைகள் எண்ணிக்கையில கம்மி, பிஎஸ்சி முடிச்ச உடனே கேம்பஸ்ல வந்து தூக்கிட்டுப் போகமாட்டாங்க, முதல் சம்பளமும் சுமாரா இருக்கலாம், இதை மறைச்சு உங்ககிட்ட பேச மாட்டேன். அதனால மூணு வருஷத்தோட நிறுத்தக்கூடாது. மூணாம் வருஷத்துலயே மேல்படிப்புக்கான கேட் (GATE) தேர்வு எழுதலாம், ரெண்டு வருஷ எம்சிஏ இருக்கு, சிறுசேரில இருக்கிற சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்ல எம்எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு தனி நுழைவுத்தேர்வு வைக்கிறாங்க. கடன் இல்லாம பிஎஸ்சி முடிச்சாத்தான் இதுக்கெல்லாம் அவளால தைரியமா போக முடியும்.

பாப்பா, இது உனக்கு. முதல்ல சி பக்கம் போகாத, பைசெக்ட்டும், இருக்கிறதுலயே சின்ன எண்ணை எப்பவும் மேல வச்சிருக்கிற ஹீப்க்யூவும் பைத்தான்லயே இருக்கு, படிச்சு முடிச்சு மூடி வச்சுட்டு நீயே எழுது, அப்புறம் லைப்ரரியோட சொந்த டெஸ்ட் ஃபைலை உன் கோட் மேல ஓட்டு. விழும், விழட்டும், எங்க விழுதோ அங்கதான் பாடம். ஹீப்க்யூல மேல இருக்கிறதை எடுத்ததும் கடைசி எண்ணை நேரா சரியான இடத்துல நிறுத்தாம, காலி இடத்தை அடி வரைக்கும் இறக்கிட்டு அப்புறம் மேல ஏத்துவாங்க, ஏன்னு நீளமா கமெண்ட் இருக்கும், அதை நோட்ல உன் சொந்த வார்த்தையில எழுதிப் பாரு. அது பிடிபட்டதும் சி கத்துக்கோ, பைத்தானையே சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்ணு, பழைய 8 ஜிபி லேப்டாப்பே போதும். லிஸ்ட்ல ஒண்ணொண்ணா அப்பெண்ட் பண்ணும்போது இடம் 4, 8, 16, 24, 32ன்னு வளரும், எட்டுல ஒரு பங்கு கூடுதலா ஏன் ஒதுக்குறாங்கன்னு அந்த கோட்லயே இருக்கு. ரெண்டாம் வருஷம் போல பைத்தானோட டாக்குமென்டேஷன்ல ஒரு திருத்தமோ விட்டுப்போன ஒரு டெஸ்ட்டோ பைத்தானை பராமரிக்கிறவங்களுக்கு அனுப்பிப் பாரு. பதில் வர மாசக்கணக்கு ஆகலாம், சோர்ந்து போகாத, அங்க உன் கோட்டை வரிக்கு வரி கேள்வி கேப்பாங்க, பீஸ் கட்டினாலும் அந்த மாதிரி வாத்தியார் கிடைக்கிறது கஷ்டம்.

இதைப் படிக்கிற மத்த பெற்றோருக்கு ஒண்ணு, இதை உங்க பிள்ளைக்கு இன்னொரு டியூஷனா ஆக்கிடாதீங்க. உள்ள என்ன இருக்குன்னு தானா கேக்குற பிள்ளைக்குத்தான் இந்த வழி, கேக்காத பிள்ளை மக்கு இல்ல, அதுக்கு வேற வழி இருக்கும்.

அம்மா, கவுன்சிலிங்ல அரசு இன்ஜினியரிங் காலேஜ் ஏதாவது வந்துச்சுன்னா அப்ப பொண்ணையும் பக்கத்துல வச்சு மறுபடி பேசுவோம், நான் இன்ஜினியரிங்குக்கு எதிரி இல்ல. ஆனா இந்த வாரமே அரசு கலைக் கல்லூரிக்கு அப்ளிகேஷன் போடுங்க, மேத்ஸ் முதல் விருப்பம், கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாவது. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டாதீங்க, கட்டினா திருப்பி வாங்குறது பெரும்பாடு. பெரியப்பாகிட்ட நீங்களும் பொண்ணோட அப்பாவும் சேர்ந்து போய் சொல்லுங்க, பொண்ணை முன்னாடி நிறுத்தி பேச வைக்காதீங்க.