மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு: விடாத வலியும் தீராத அசதியும் – கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கை வலி பற்றியவை. என்ன ஆபரேஷன், அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்தார்களா, கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்களா, இப்போது என்ன மாத்திரை என்ற நான்கையும் எழுதுங்கள் என்று எத்தனை தடவை சொல்வது?

காபி எஸ்டேட்டில் வேலை. ஆபரேஷன் ஆகி எட்டு மாதம். மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போய், எரிகிறது. ஜாக்கெட் பட்டாலே கூசுகிறது. நோய் திரும்பிவிட்டதா? (ஏற்காடு)

நீங்கள் சொல்வது நரம்பு வலி போலத்தான் இருக்கிறது. அக்குளில் முடிச்சுகளை எடுக்கும்போது மேல்கைத் தோலுக்குப் போகும் நரம்பு அறுபடும், அல்லது இழுபடும். ஆபரேஷன் ஆனவர்களில் நாலில் ஒருவருக்காவது மூன்று மாதம் தாண்டியும் வலி நிற்கிறது. பாராசிட்டமாலுக்கு இது மசியாது. கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றை டாக்டர் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார். அடுத்த செக்கப்பில் தழும்பையும் அக்குளையும் காட்டிவிடுங்கள். நாளுக்கு நாள் கூடி, தூக்கத்தைக் கெடுக்கும் எலும்பு வலியோ, தழும்பில் புதுக் கட்டியோ இருந்தால் செக்கப் வரை காத்திருக்க வேண்டாம்.

மரத்த இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கூடாது, சுட்டாலும் தெரியாது. பழம் பறிக்கும்போது முழுக்கைச் சட்டை போடுங்கள். முசுறு கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாகி, கை சிவந்து சூடேறி, குளிர்காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். ஏற்காட்டிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. சேலத்துக்கு இறங்க நாள் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

என் மனைவிக்கு வலி இருக்கிறது. நல்ல மாத்திரை சொல்லவும். (ஆத்தூர்)

எங்கே வலி, எப்போதிலிருந்து? அடுத்த கடிதத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள்.

பட்டுத்தறி நெய்கிறவள். முடிச்சுகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். வலக்கையால் ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது என்று வீட்டில் ஒரு வருஷமாகத் தடை. இப்போது தலை வாரக்கூடக் கை எழவில்லை. தறியை விற்றுவிடலாமா? (குகை)

விற்காதீர்கள். வீட்டில் தடை போட்டவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் ‘வலக்கையைத் தவிர்க்கவும்’ என்று ஒரே வரி கிறுக்கி, எத்தனை நாளைக்கு என்று எழுதாமல் அனுப்புகிற எங்கள் ஆட்கள் மேல்தான் கோபம். தையல் ஆறும்வரை சில வாரம் பாரம் தூக்கக் கூடாது என்பது சரி. அதை ஆயுள் தண்டனையாக்கியது யார்? கையை மடியிலேயே வைத்திருந்தால் தோள் இறுகிப்போகும், தசை வற்றும், அப்புறம் சின்ன வேலைக்கே வலிக்கும். வலிக்கிறதே என்று கையை இன்னும் அசைக்காமல் வைப்பார்கள்.

எடை தூக்கினால் கை வீங்கும் என்ற பயத்துக்கு 2009-லேயே ஓர் அமெரிக்க ஆய்வு பதில் சொல்லிவிட்டது. ஏற்கெனவே கை வீங்கியிருந்த பெண்களை ஒரு வருஷம் படிப்படியாக எடை தூக்க வைத்தார்கள். வீக்கம் கூடவில்லை, திடீர் திடீரென்று வீங்குவதும் குறைந்தது. அதன் பிறகும் ‘தூக்காதே’ என்கிறவர்களை என்ன சொல்வது!

முதலில் பிசியோதெரபிஸ்டிடம் தோளைக் காட்டுங்கள். சுவர் முன்னால் நின்று விரல்களால் மேலே ஏறுங்கள், நேற்று தொட்ட இடத்தில் கரிக்கோடு போட்டு இன்று அதைத் தாண்டப் பாருங்கள். அக்குளில் கயிறு மாதிரி இழுத்தால் அதையும் சொல்லுங்கள், பயிற்சியில் இளகும். யாரையாவது கூப்பிட்டு எண்ணெய் போட்டு அழுத்தி உருவச் சொல்லாதீர்கள். தோள் இளகியதும் அரைக் கிலோ எடையில் தொடங்கலாம். அப்புறம் தறியில் உட்காருங்கள். நாடாக் கயிற்றைக் கால் மணி நேரம் இழுங்கள், வாரத்துக்கு வாரம் நேரத்தைக் கூட்டுங்கள்.

முடிச்சுகளை முழுதாக எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. அதனால் வளையலைக் கவனியுங்கள். நேற்று வரை தளர்வாக இருந்தது இறுகினால், கை கனத்தால், உடனே காட்டுங்கள். கையை அழுத்திப் பிடிக்கும், அளவெடுத்த உறை தேவைப்படலாம். கடையில் கிடைத்ததை வாங்கி மாட்டாதீர்கள்.

கொலுசுப் பட்டறையில் வேலை. லெட்ரோசோல் ஆரம்பித்து ஆறு மாதம். காலையில் விரல் மடங்கவில்லை. நானே மாத்திரையை நிறுத்திவிட்டேன், வலி தேவலை. டாக்டரிடம் சொல்லவில்லை. (செவ்வாய்ப்பேட்டை)

இந்த வாரமே சொல்லுங்கள். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு மூட்டு வலி வரும். நோய் திரும்பாமல் தடுக்கக் கொடுப்பது என்பதால் ரகசியமாக நிறுத்தும் விஷயமல்ல இது. அனஸ்ட்ரோசோல், எக்ஸெமெஸ்டேன், டமாக்சிஃபென் என்று மாற்று மருந்துகள் உண்டு. மூட்டு வலிக்குத் துலாக்செடின் மாத்திரையும் சிலருக்குக் கேட்கும். தினமும் நடங்கள். வைட்டமின் டி, எலும்பு அடர்த்தி இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள், லெட்ரோசோல் எலும்பையும் தேய்க்கும்.

கீமோ, கரண்ட் முடிந்து ஒரு வருஷம். எவ்வளவு தூங்கினாலும் அசதி. வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். டானிக் குடிக்கலாமா? (ஓமலூர்)

டானிக் வேண்டாம். முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் அசதி வருஷக்கணக்கில் நிற்கலாம், அது சோம்பல் இல்லை. படுத்துக் கிடந்தால் கூடத்தான் செய்யும். காலையில் பத்து நிமிஷம் நடக்கத் தொடங்கி, வாரத்துக்கு 150 நிமிஷம் வரை கொண்டு வாருங்கள். துணி துவைப்பதும் மாவு ஆட்டுவதும் ஒரே நாளில் வேண்டாம். மனம் சோர்ந்திருந்தால் அதற்கும் மருந்துண்டு, ஆனால் டமாக்சிஃபென் சாப்பிடுகிறவரென்றால் (நீங்கள் எழுதவில்லை!) பராக்செடின், ஃப்ளுவாக்செடின் ஆகாது. அவை டமாக்சிஃபெனின் வேலையைக் கெடுத்துவிடும்.

ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையில் பிபி பார்த்துவிட்டார்கள். பயமாக இருக்கிறது. (அம்மாப்பேட்டை)

ஒரு தடவைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த முறை மற்றக் கையை நீட்டுங்கள்.

டமாக்சிஃபென் சாப்பிடுகிறேன். வலிக்கு மஞ்சள் கேப்ஸ்யூல் நல்லது என்கிறார்களே? (அரிசிபாளையம்)

மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்ஸ்யூல், ரத்தத்தில் டமாக்சிஃபென் அளவைக் குறைக்கிறது. வேண்டாம். குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை.