கைமரங்களில் கரி: தீ விபத்து இல்லை, அடுப்புப் புகை

இங்கிலாந்தின் கென்டில் வாங்கிய பண்ணை வீட்டின் பரணில், கூரையைத் தாங்கும் கைமரங்கள் கன்னங்கரேலென்று இருப்பதாகவும், தச்சர் அதைத் தீப்பிடித்த தடம் என்று சொல்லி மணல் பீய்ச்சிச் சுரண்டப் பார்ப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். முதலில் அவரை நிறுத்துங்கள்!

விரலால் தேய்த்துப் பாருங்கள். மரம் வெடிக்காமல், மேலே கரி மட்டும் படிந்திருந்தால் அது அடுப்புப் புகை. தீப்பிடித்த மரம் முதலைத்தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கும்.

இடைக்காலத்தில் அங்கே பண்ணை வீட்டின் நடுக்கூடம் கூரைவரை திறந்தே கிடக்கும். தரை நடுவில் அடுப்பு; புகைபோக்கி கிடையாது. பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டில்தான் செங்கல் புகைபோக்கி கட்டி, குறுக்கே மாடித்தளம் போட்டார்கள். புகை படிந்த கூரை அதற்கு மேலே மறைந்துபோனது. அப்படியானால் உங்கள் கூரை புகைபோக்கியைவிடப் பழையது. அந்தக் கரிதான் அதற்குச் சாட்சி, அதையா சுரண்டுவது?

பக்கத்து சசெக்ஸில், சிங்கிள்டன் என்ற ஊரில், பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து நிறுத்தியிருக்கும் அருங்காட்சியகத்தில் பேலீஃப் என்ற 15ஆம் நூற்றாண்டுப் பண்ணை வீடு இருக்கிறது. அதுவும் கென்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்ததுதான். திறந்த கூடத்தை அங்கே நேரிலேயே பார்க்கலாம்.

அப்புறம், வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அனுமதியில்லாமல் இப்படிச் சுரண்டுவது குற்றவழக்கு வரை போகலாம்.