தையல் சந்தேகம்: துரைசாணி கவுன்

கேள்வி: என் மகளின் கல்லூரியில் ஆடி 18-க்கு தீரன் சின்னமலை நாடகம் போடுகிறார்கள். அவளுக்குக் கம்பெனி துரையின் மனைவி வேஷம். நெட்டில் வாங்கிய பேட்டர்னில் (துணி வெட்டுவதற்கான பேப்பர் அச்சு) 36 அளவை வெட்டித் தைத்தேன். தோளும் முதுகும் கச்சிதம். ஆனால் அவள் மார்புச் சுற்றளவு 39. மார்புக்குக் கீழே உட்கார வேண்டிய தையல் மேலே ஏறி நிற்கிறது. 40 அளவில் திரும்ப வெட்டட்டுமா?
– ஒரு வாசகி, பெருந்துறை

பதில்: வேண்டாங்க அம்மிணி. 40 வெட்டினால் மார்பு சரியாகும், தோள் நழுவும், முதுகு சாக்குப்பை மாதிரி தொங்கும். சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்டது 1805-ல். அந்தக் காலத்து கவுனுக்கு அழகே ஒடுங்கின முதுகுதான். தோள் தையல்கூட உச்சியில் இல்லாமல் பின்னால் தள்ளி விழும். அது உங்களுக்கு அமைந்துவிட்டது. அதைத் தொடாதீர்கள்.

குறைகிற 3 அங்குலமும் முன்பக்கத்தில்தான் வேண்டும். பேட்டர்னில் இருப்பது பாதி முன்பக்கம், ஆகவே ஒன்றரை அங்குலம்.

கவுனின் மேல்பாகத்து முன்பக்கப் பேப்பரில் மார்பு முனையைக் குறியுங்கள். கீழ்விளிம்பிலிருந்து நேராக அந்த முனைக்கு ஒரு கோடு, அங்கிருந்து சாய்வாகக் கைக்குழிக்கு இன்னொரு கோடு. கீழிருந்து வெட்டிக்கொண்டே போய், கைக்குழி விளிம்புக்கு ஒரு நூல் முன்னால் நிறுத்துங்கள். பக்கத் தையலிலிருந்தும் முனை வரை ஒரு வெட்டு. இதுவும் முனையில் அறுந்துவிடக் கூடாது. இப்போது கீழ் வெட்டை ஒன்றரை அங்குலம் சீராக விரியுங்கள். பக்க வெட்டு காக்கா வாய் திறந்த மாதிரி தானாகப் பிளக்கும். பக்கத்துத் துண்டு கீழே இறங்கி, நடுத் துண்டு குட்டையாக நிற்கும். நடுத் துண்டைக் குறுக்கே வெட்டி அதே அளவு இறக்கி, அடியில் பேப்பர் வைத்து ஒட்டுங்கள். உங்களுக்கு இல்லாமல் போனது இந்த நீளம்தான். அகலத்தை மட்டும் கூட்டியிருந்தால் தையல் மறுபடியும் மேலேதான் ஏறும்.

பக்கத்தில் பிளந்த இடத்தில் டார்ட் (முக்கோணமாக மடித்துத் தைப்பது) பிடிக்காதீர்கள், அது நம் ஜாக்கெட் புத்தி. பிளவை மூடி ஒட்டினால் அந்த அகலம் கீழ்விளிம்புக்குப் போய்விடும். அங்கே நாடா கோத்து, மார்புக்குக் கீழ்ச் சுற்றளவுக்குச் சுருக்குங்கள். அன்றைக்கும் பல கவுன்களில் அப்படித்தான். பக்கத் தையல் நீளம் பின்பக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வீட்டில் பிரின்ட் எடுத்திருந்தால் அதிலுள்ள ஒரு அங்குலக் கட்டத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். பிரின்டர் சுருக்கிவிட்டால் எந்தக் கணக்கும் நிற்காது.

முதலில் ஒத்திகைக்குக் காடாத் துணியில் வெட்டுங்கள். ஈரோட்டுச் சந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காடாவுக்கா பஞ்சம்? கோபியில் கடை போட்ட புதிதில், 'பேப்பர் சரியாத்தானே இருக்கு' என்று நேரே நல்ல துணியில் கத்திரி வைத்தேன். ஐந்து மீட்டரும் தலையணை உறையானது. அந்த உறைகளைப் பார்த்து என் மாமியார் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

துணி மல் காட்டன் போதும். சாட்டின் வேண்டவே வேண்டாம்; விறைத்து நிற்கும். 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு கொங்குநாட்டுக்கு வந்த கம்பெனிக்காரன் வீட்டம்மா கட்டியதும் மெல்லிய மஸ்லினாகத்தான் இருந்திருக்கும். அந்த மோகத்தை அவர்களுக்குப் பிடிக்க வைத்ததே நம் நாட்டு நெசவுதான்.

பாவாடைச் சுருக்கம் பெரும்பாலும் பின்னால் வரட்டும், முன்னால் தட்டையாக விடுங்கள். உள்ளே இடுப்பில் கட்டும் பாவாடை போட்டால் நாடா முடிச்சு வயிற்றில் துருத்தும். தோளில் தொங்கும் நீள ஷிம்மி தைத்துக் கொடுங்கள். ஜிப் அந்தக் காலத்தில் கிடையாது. பின்னால் நாடாவும் இரண்டு கொக்கியும் போதும்.

கை வைத்துத் தைத்ததும், துரையைப் பார்த்து விரலை நீட்டித் திட்டுகிற காட்சி இருந்தால் அதை ஒருமுறை நடிக்கச் சொல்லுங்கள். கைக்குழி பிடித்தால் அங்கேயே தெரிந்துவிடும்.