வெட்டுப்பட்ட காய் மீண்டும் ஏறுவதற்கு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக நானும் இரண்டு நண்பர்களும் கட்டணம் வாங்காமல் இணையவழி வகுப்பு நடத்திவருகிறோம். சேர்பவர்களில் பலர் பீடி சுற்றும் பெண்கள், ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர்கள், கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள். இந்த முறை 120 பேர் சேர்ந்தார்கள். நான்காவது வாரத்தில் 31 பேர்தான் மிஞ்சினார்கள்.

விளையாட்டைப் போல அமைத்தால் பிள்ளைகள் நிற்பார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு காணொளியைப் பார்த்து முடித்தால் பத்துப் புள்ளி, ஒரு நாளும் விடாமல் வருகிறவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம், வாரந்தோறும் முதல் பத்துப் பேரின் பட்டியல் என்று வைத்தோம். பத்து நாள் நன்றாக நடந்தது. பிறகு பட்டியலில் அதே பத்துப் பெயர்களே திரும்பத் திரும்ப வந்தன. மற்றவர்கள் மெல்ல ஒதுங்கினார்கள். ஊரில் கோயில் கொடைத் திருவிழா வந்த வாரத்தில் நட்சத்திரத்தை இழந்தவர்களில் பெரும்பாலோர் அதன்பின் வகுப்பைத் திறக்கவே இல்லை. நின்றவர்களுக்கு மாதிரித் தேர்வு வைத்தால், பார்த்த பாடமே நினைவில் இல்லை என்கிறார்கள்.

நம் பிள்ளைகளிடம் விடாமுயற்சி இல்லையா, நாங்கள் வைத்த விளையாட்டில் கோளாறா? நினைவாற்றலைப் பற்றி அறிவியல் கண்டவற்றை இதற்குப் பயன்படுத்த வழி உண்டா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

பிள்ளைகளிடம் கோளாறு இல்லை. விடியற்காலையில் எழுந்து வீட்டு வேலையை முடித்து, ஆயிரம் பீடி சுற்றிக் கடையில் கொடுத்துவிட்டு வந்து, இரவில் படிக்க உட்காரும் ஒரு பெண்ணைப் பார்த்து விடாமுயற்சி இல்லை என்று சொல்ல எனக்கு நா எழாது. 120 பேரில் 31 பேர் மிஞ்சியதை நீங்கள் தோல்வியாக எண்ணவும் வேண்டாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2012ஆம் ஆண்டு மின்சுற்றுகள் பற்றி நடத்திய முதல் இணையவழிப் பாடத்தில் 1,54,763 பேர் பதிவு செய்தார்கள்; சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர், அதாவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. பதிவு செய்தவர்கள் எல்லோரும் முடிக்கும் எண்ணத்தோடு வந்தவர்கள் அல்லர் என்பது உண்மைதான். ஆனாலும் வாசலைத் திறந்து வைத்தால் மட்டும் ஆட்கள் உள்ளே தங்கிவிட மாட்டார்கள் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

உங்கள் விளையாட்டில் பிழை எங்கே இருக்கிறது என்பதை நான் நேரில் பார்த்த ஒன்றைக் கொண்டு சொல்கிறேன். சில மாதங்களுக்கு முன் முக்கூடல் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பெண் மடியில் முறத்தை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எதிரே தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த கைப்பேசியில் சங்க இலக்கியம் பற்றிய பாடம் ஓடிக்கொண்டிருந்தது. இலையை நறுக்கும்போதும் தூளை நிரப்பும்போதும் நுனியை மடக்கும்போதும் அவள் கண் முறத்தில்தான் இருந்தது. காது மட்டும் பாடத்தில். காணொளி முடிந்ததும் திரையில் புள்ளிகள் ஏறின, ஒரு வண்ணக் கோடு நிறைந்தது. எட்டுத்தொகையில் அகம் சார்ந்த நூல்கள் எவை என்று கேட்டேன். இப்போதுதான் சொன்னார்கள், வாயில் வரவில்லை என்று அவள் வருத்தப்பட்டாள். பதிலை நானே சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் புறப்படும்போது மறுபடி கேட்டேன். கை நின்றது, நற்றிணை, குறுந்தொகை என்று தொடங்கி, சற்றுத் திணறி, ஐங்குறுநூறு, கலித்தொகை, அகநானூறு என்று ஐந்தையும் சொல்லி முடித்தாள். அந்தத் திணறலுக்குப் புள்ளி கொடுக்க அந்தச் செயலியில் இடமே இல்லை. காணொளி ஓடியதற்குத்தான் கொடுத்தது. உங்கள் வகுப்பும் அதைத்தான் செய்கிறது.

2006ஆம் ஆண்டில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனை ஒன்று இதை அழகாகக் காட்டுகிறது. ஒரு கூட்டத்தார் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு அமர்வுகளில் படித்தார்கள். இன்னொரு கூட்டத்தார் ஒரே ஓர் அமர்வில் படித்துவிட்டு, மற்ற மூன்று அமர்வுகளில் ஏட்டைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் ஏறத்தாழ 61 விழுக்காட்டையும், திரும்பப் படித்தவர்கள் 40 விழுக்காட்டையும் நினைவில் வைத்திருந்தார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று: நமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியவர்கள், திரும்பப் படித்தவர்கள்தாம். உங்கள் பிள்ளைகள் காணொளி பார்த்து நம்பிக்கையோடு இருந்ததும் மாதிரித் தேர்வில் மனம் உடைந்ததும் இந்த இடைவெளியில் நிகழ்ந்தவை. அப்படி உடைந்த பின் வகுப்பைத் திறக்கக் கை வராது.

ஆகவே புள்ளியை இடம் மாற்றுங்கள். பார்த்ததற்குப் புள்ளி வேண்டாம். பாராமல் சொன்னதற்குக் கொடுங்கள், அதையும் உடனே கேட்டு அல்ல, மறக்கத் தொடங்கும் நேரத்தில் கேட்டு. அந்த நேரம் எது என்பதை முதலில் அளந்து பார்த்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம்மையே சோதித்து, 1885இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு நாள் கழித்து அதே அசைகளை மறுபடி கற்க முயன்றபோது முதலில் செலவிட்ட உழைப்பில் மூன்றில் ஒரு பங்குதான் அவருக்கு மிச்சப்பட்டது; ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சப்பட்டது. ஒரே மனிதர், அதுவும் பொருளற்ற அசைகள் என்பதால் இந்த எண்களை அப்படியே திருக்குறளுக்கும் அரசியலமைப்புக்கும் பொருத்த முடியாது. ஆனால் சரிவின் போக்கு பொருந்தும்: மறதியின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது, அதற்குப் பின் மெல்லத்தான் கரைகிறது. முற்றிலும் மறந்தாற்போல் தோன்றுவதிலும் கொஞ்சம் உள்ளே தங்கியிருக்கிறது. இரண்டாம் முறை கற்கும்போது அந்த மிச்சம் கைகொடுக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொடை வாரத்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இதைப் பழக்கமாகவே வைத்திருந்தார்கள். மாலையில் வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஆசிரியர் ஒரு பூவின் பெயரையோ ஊரின் பெயரையோ பறவையின் பெயரையோ சொல்லி அனுப்புவார். மறுநாள் வந்ததும் அதை மறவாமல் சொல்ல வேண்டும் என்று உ.வே.சாமிநாதையர் தம் இளமைக்காலத்தைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அவர் சொல்வது சோழநாட்டுப் பள்ளிகளைப் பற்றி. ஓர் இரவு என்ற இடைவெளியும் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் வேலையும் அதில் ஒருங்கே இருக்கின்றன. பிள்ளைக்கு அது விளையாட்டாகவும் இருந்திருக்கும்.

உங்கள் வகுப்புக்கு நான் பரிந்துரைப்பது நாம் எல்லோரும் ஆடி வளர்ந்த தாயத்தை. ஆச்சிமார் திண்ணையில் சுண்ணாம்புக்கட்டியால் கட்டம் வரைந்து, ஒரு பக்கம் உரசி வெளுப்பாக்கிய புளியமுத்தை உருட்டி ஆடியதைப் பார்த்திருப்பீர்கள். தாயம் விழுந்தால்தான் காய் கட்டத்துக்குள் இறங்கும். எதிராளி வெட்டினால் வெளியே போய்விடும். மறுபடி தாயம் போட்டு இறக்க வேண்டும். சுற்றி வந்து நடுவில் ஏறினால் பழம். 1972இல் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் ஜெர்மன் மொழியில் எழுதிப் பரப்பிய அட்டைப்பெட்டி முறை ஏறத்தாழ இதே ஆட்டம். ஓர் அட்டையில் ஒரு கேள்வி. சரியாகச் சொன்னால் அந்த அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அங்கே இன்னும் நீண்ட இடைவெளிக்குப் பிறகுதான் கேட்கப்படும். தவறினால் முதல் பெட்டிக்கே திரும்பிவிடும். இன்று கைப்பேசியில் கிடைக்கும் அங்கி (Anki) போன்ற செயலிகள் இடைவெளியைத் தாமே கணக்கிடுகின்றன. அதெல்லாம் இல்லாமல் வாட்ஸ்ஆப் குழுவிலேயே உங்களால் நடத்த முடியும். இன்று கற்ற கேள்வியை நாளையும், பிறகு மூன்றாம் நாளும், பிறகு ஒரு வாரம் கழித்தும், பிறகு மூன்று வாரம் கழித்தும் கேளுங்கள். நான்கு கட்டத்தையும் தாண்டிய கேள்வியைப் பழம் என்று எழுதுங்கள். எத்தனை நாள் வந்தாள் என்பதைவிட எத்தனை பழம் எடுத்தாள் என்பதே ஒரு பெண் தன் வீட்டில் சொல்லிக்கொள்ளும் கணக்காக ஆகட்டும். குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 100 தமிழ்ப் பகுதியிலிருந்து வருகின்றன; நூலும் ஆசிரியரும், சொல்லும் பொருளும், அடைமொழியும் சான்றோரும் என்று அதில் பெரும்பகுதி இப்படி அட்டை அட்டையாகப் பிரிக்க ஏற்றது. தேர்வில் நான்கு விடைகள் கொடுக்கப்படும் என்றாலும், பழகும்போது முதலில் விடைகளைக் காட்டாமல் கேளுங்கள். கண்ணால் கண்டு தேர்ந்தெடுப்பதைவிட மனத்திலிருந்து எடுப்பது கடினம், ஆனால் அதுவே ஆழமாகப் பதியும்.

தாயத்தில் காய் வெட்டுப்பட்டது என்பதற்காக யாரும் எழுந்து போவதில்லை. அடுத்த உருட்டலுக்கு இடம் இருக்கிறது. கட்டத்தில் மற்ற காய்களும் நிற்கின்றன. உங்கள் நட்சத்திரம் அப்படி இல்லை. இருபது நாள் உழைப்பு ஒரு நாளில் பூஜ்யமாகிவிடுகிறது. நம் பக்கத்தில் சித்திரை தொடங்கி ஆடி வரை ஏதாவது ஓர் ஊரில் கொடை நடந்துகொண்டேதான் இருக்கும். சுடலைமாடன் கோயில் கொடைக்கு உறவெல்லாம் வந்து வீட்டில் நிறைந்திருக்கும்போது, மூன்று நாளும் அடுப்படியை விட்டு நகர முடியாத பெண்ணின் நட்சத்திரத்தைப் பறிக்கும் கணக்கு நம் ஊருக்குப் பொருந்தாத கணக்கு. மாதத்துக்கு ஐந்து நாள் விடுப்பை முன்கூட்டியே எல்லோர் பெயரிலும் வரவு வையுங்கள். அதையும் தாண்டி விட்டுப்போனவர் எத்தனை நாள் கழித்து வந்தாலும், அவர் எடுத்த பழங்கள் அவர் பெயரிலேயே இருக்கட்டும். எபிங்ஹாஸ் கண்ட அந்த மிச்சத்தை அவருக்குக் கண்கூடாகக் காட்டுவதுதான் திரும்பி வரும் நாளில் ஆசிரியர் செய்ய வேண்டிய வேலை.

பரிசுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1973இல் லெப்பர் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும், படம் வரைவதில் விருப்பமுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளில் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, வரைந்த பின் கொடுத்தார்கள். பிறகு கவனித்தபோது, அப்படிப் பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட வெகு குறைந்த நேரமே தாமாக வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்ற குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. எனவே பட்டியலையும் பதக்கத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்துப் பேரின் பட்டியல் மற்ற நூற்றுப்பத்துப் பேரிடம் என்ன சொல்கிறது என்பதை நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். அதை எடுத்துவிட்டு, ஐந்தைந்து பேராகச் சிறு குழுக்கள் பிரித்து, அந்தக் குழுவின் பழங்களைச் சேர்த்து எண்ணினால் ஒருவர் வராதபோது மற்ற நால்வர் விசாரிப்பார்கள்.

தொடக்கத்தைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. நூனஸ், ட்ரேஸ் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கார் கழுவும் நிலையம் ஒன்றில் எட்டு முத்திரை சேர்ந்தால் ஒரு முறை இலவசம் என்று சிலருக்கு அட்டை கொடுத்தார்கள். வேறு சிலருக்குப் பத்துக் கட்டம் கொண்ட அட்டையில் இரண்டு முத்திரையை முன்பே குத்திக் கொடுத்தார்கள். இருவருக்கும் தேவைப்பட்டது எட்டு முத்திரைதான். முதல் வகையில் 19 விழுக்காட்டினரும் இரண்டாம் வகையில் 34 விழுக்காட்டினரும் முடித்தார்கள். வெறும் வித்தையாக இதைப் பயன்படுத்துவதில் எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் நம் பிள்ளைகள் பள்ளியில் படித்த திருக்குறளும் ஆத்திசூடியும் உண்மையாகவே அவர்களிடம் இருக்கின்றன. முதல் நாளில் அவற்றிலிருந்து பத்துக் கேள்வி கேட்டு, சரியாகச் சொன்னவற்றை மூன்றாவது கட்டத்தில் வைத்துத் தொடங்குங்கள். ஒன்றும் தெரியாமல் வந்திருக்கிறோம் என்ற கூச்சம் அதில் போய்விடும்.

இப்போது உடனே செய்யக்கூடியது, விட்டுப்போன அந்த 89 பேரைக் கூப்பிடுவது. ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். அவர்கள் முதல் வாரத்தில் படித்த பாடத்திலிருந்து ஐந்து கேள்விகளை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, இரவு எட்டு மணிக்கு மேல் அனுப்புங்கள். ஐந்தில் இரண்டுக்காவது பதில் வரும் என்பது என் நம்பிக்கை. பதில் வந்ததும், “இந்த இரண்டும் இன்னும் உங்களிடம் இருக்கின்றன, மற்ற மூன்றை நாளைக்குக் கேட்கிறேன்” என்று மட்டும் எழுதுங்கள். எத்தனை பேர் மறுநாள் பதில் சொன்னார்கள் என்பதை எனக்கும் தெரிவியுங்கள். அட்டைகள் எழுத ஆள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்து உட்காருகிறேன்.

அன்புடன்,
அண்ணாச்சி