யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடம் கிடைத்திருக்கிறது, நகைக்கடை வேலையும் இருக்கிறது: எதை விடுவது?

பல்கலைக்கழகப் பதிவை விடாதீர்கள் தம்பி. கடைச் சம்பளத்தைப் பிறகும் தேடலாம். அரச பல்கலைக்கழக இடம் திரும்பக் கிடைப்பது கடினம். படிப்புக் கட்டணமும் இல்லை.

"பிஏ படித்து என்ன பயன்" என்ற குழப்பம் அநேகமாக முதல் சம்பளத்தை மட்டும் ஒப்பிடுவதால் வருவது. முதல் சில வருடம் கடைதான் முந்தும். ஆனால் இலங்கை நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கவே பட்டம் வேண்டும். அப்புறம், மலையகத்திலும் மட்டக்களப்பிலும் இருந்து வரும் பிள்ளைகளோடு பழகி, நாலு பேர் முன்னால் எழும்பிப் பேசிப் பழகுவதற்குக் கடையில் இடமில்லை.

ஒரு நாள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய், மூன்றாம் வருடப் பிள்ளை ஒருவரிடம் நேர அட்டவணையைக் கேட்டுப் படமெடுங்கள். விரிவுரை இல்லாத பின்னேரங்களைக் குறித்துக்கொண்டு முதலாளியிடம் பகுதிநேர வேலை கேளுங்கள். நம்பிக்கையான ஆள் கிடைப்பது அவருக்கும் கஷ்டம்தான்.

பட்டம் வந்த கையோடு வேலை வராது. வேலையில்லாப் பட்டதாரிகள் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால் போராடியது தெரிந்ததுதானே. முதல் வருடமே ஆங்கிலத்தையும் கணினியையும் பிடியுங்கள். உங்கள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது என்றால் கணக்கு வேறு: வேலையோடு திறந்த பல்கலைக்கழகத்தில் படிக்கலாம், யாழ்ப்பாணத்திலும் நிலையம் உண்டு. அங்கே கட்டணம் கட்ட வேண்டும்.