கொலஸ்ட்ரால் நார்மல்தானே, இதயத்தைப் பற்றி ஏன் பேச்சு?

கேள்வி: வயது 34, லூபஸ் இருக்கிறது. கொலஸ்ட்ரால், பிரஷர், சர்க்கரை எல்லாம் சரி. ஆனாலும் டாக்டர் ரத்தக்குழாயின் உட்சுவர் கெடும், இதயத்தைக் கவனியுங்கள் என்கிறார். கொழுப்பே இல்லாமல் எப்படிக் கெடும்?

பதில்: ரத்தக்குழாயின் உள்பக்கம் முழுக்க ஒரே ஒரு அடுக்குச் செல்கள்தான். எண்டோதீலியம் என்று பெயர். பார்க்க வெறும் பூச்சு போல இருந்தாலும் சும்மா இருப்பதில்லை. நைட்ரிக் ஆக்சைடு சுரந்து குழாயைத் தளர்வாக வைக்கிறது, ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிறது, வெள்ளையணுக்களை ஒட்ட விடாமல் நழுவ விடுகிறது.

லூபஸில் நோயெதிர்ப்பு மண்டலம் தன் உடம்பையே தாக்குகிறது. அப்படித் தனக்கு எதிராகவே தயாரிக்கும் ஆன்டிபாடிகளில் (கிருமிகளைப் பிடிக்க வேண்டிய புரதங்கள்) சில இந்தச் செல்களை நேராகவே பிடிக்கும். டிஎன்ஏவுக்கு எதிரானவை திரண்டு படிந்து கிருமிகளைத் தாக்க வேண்டிய காம்ப்ளிமென்ட் புரதங்களைக் கிளப்பிவிடும். சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் அடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான். அப்புறம் ஆன்டிபாஸ்போலிப்பிட் வகை, அதாவது பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பையும் அதில் ஒட்டும் புரதங்களையும் குறிவைப்பவை. பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் என்ற ரத்தப் புரதம் எண்டோதீலியச் செல்லின் மேல் போய் உட்கார, அதன் மேல் இந்த ஆன்டிபாடி வந்து பிடித்துக்கொள்ளும். செல் சாவதில்லை, கட்சி மாறுகிறது! நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது, இ-செலக்டின், விகேம்-1 போன்ற ஒட்டுப் புரதங்கள் மேற்பரப்பில் தலைகாட்டுகின்றன, அதுவரை உருண்டு போய்க்கொண்டிருந்த வெள்ளையணுக்கள் அங்கேயே நின்று சுவருக்குள் புகுகின்றன, உறைதலைத் தொடங்கிவைக்கும் திசுக் காரணியும் வெளியே வந்துவிடுகிறது. போதாததற்கு, லூபஸில் பலருக்கு அளவு மீறி இருக்கும் இன்டர்ஃபெரான் என்ற நோயெதிர்ப்புப் புரதம், இந்தச் சுவரைப் பழுதுபார்க்க வரும் செல்களையும் முடக்குகிறது. இப்படிப் பழுதான சுவரில் கொழுப்பு படிய, ரத்தத்தில் அது எக்கச்சக்கமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

1997இல் வெளியான பிட்ஸ்பர்க் ஆய்வு ஒன்றில், லூபஸ் உள்ள 35 முதல் 44 வயதுப் பெண்களுக்கு, அதே வயது மற்ற பெண்களைவிட மாரடைப்பு 50 மடங்குக்கும் மேல் என்று வந்தது. பதற வேண்டாம், அந்த வயதுப் பெண்களுக்கு மாரடைப்பே அபூர்வம் என்பதால் மடங்கு பெரிதாகத் தெரிகிறது. ஆனால் ‘ரிப்போர்ட் நார்மல்’ என்று நீங்கள் நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

கேள்வி: லூபஸ் ஆன்டிகோவாகுலன்ட் பாசிட்டிவ். பரிசோதனையில் ரத்தம் உறைய அதிக நேரம் ஆகிறது. அப்படியிருக்க, ரத்தம் கட்டியாக உறையும் ஆபத்து என்று ஏன் சொல்கிறார்கள்?

பதில்: இதுவும் மேலே சொன்ன ஆன்டிபாஸ்போலிப்பிட் வகை ஆன்டிபாடிதான். சோதனைக் குழாயில் ரத்தம் உறைய பாஸ்போலிப்பிட் வேண்டும், இந்த ஆன்டிபாடி அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அங்கே தாமதம். சோதனைக் குழாயில் எண்டோதீலியம் ஏது? உடம்பில் அது இருக்கிறது, தட்டணுக்களும் இருக்கின்றன, அவற்றையெல்லாம் ஆன்டிபாடி உசுப்பிவிடுவதால் உறைவுதான் கூடுகிறது. ஒரு தடவை வந்த பாசிட்டிவை வைத்து முடிவு கட்டாதீர்கள். தொற்று வந்தால்கூடத் தற்காலிகமாக வரும், 12 வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். கார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் ஆன்டிபாடிகளும் சேர்ந்து மூன்றும் பாசிட்டிவ் என்றால் ஆபத்து அதிகம். ஆஸ்பிரினா, உறைவைத் தடுக்கும் வார்ஃபரினா என்பது ஏற்கெனவே ரத்தம் கட்டியாக உறைந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வார்ஃபரின் கருவுக்கு ஆகாது.

கேள்வி: முகத் தடிப்பு போய்விட்டது. ஹைட்ராக்சிகுளோரோகுயினை நிறுத்தலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். அது தோலுக்கு மட்டுமான மாத்திரை இல்லை, லூபஸ் மறுபடி கிளம்புவதையும் ரத்தக்கட்டி வருவதையும் குறைக்கிறது. நாளடைவில் அது விழித்திரையைப் பாதிக்கும் என்ற கண் பயம் என்றால், மாத்திரை அளவு உடல் எடையில் கிலோவுக்கு நாளைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் இருக்கிறதா என்று கேளுங்கள், ஆரம்பத்தில் ஒரு தடவையும் 5 வருடத்துக்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு தடவையும் விழித்திரையைக் காட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அவ்வளவு காத்திருக்க வேண்டாம், முன்பிருந்தே வருடாவருடம் பார்க்க வேண்டும்.